ஐயரின் மைக்கில் ஒரு பெயர்

திங்கள், யூலை 7

மெல்பேர்ண் குளிர். காலையில் கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. பழைய லைப்ரரி கார்ட்டால் சுரண்டினேன். கையுறை எங்கே? தெரியாது. போன குளிருக்கும் இதே தேடல்.

வேலைக்குப் போய்க் கதிரையில் இருக்கக்கூட இல்லை, அதற்குள் ஹெலனின் மின்னஞ்சல். நோயாளர் தகவல் பாதுகாப்புப் பயிற்சியை இன்னும் முடிக்காதவர்கள் பெயர். அதில் நான். ஹெலன் ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. பிரிவு, மார்பகப் புற்றுநோய். நான் முன்மேசை. பெயர் பதிவது, நாள் குறிப்பது, "கொஞ்சம் இருங்கள், கூப்பிடுவார்கள்" என்று சொல்வது.

வருடா வருடம் அதே காணொளி. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் லிப்டுக்குள் நின்று ஒரு நோயாளியின் கதையைச் சத்தமாகச் சொல்கிறார், பக்கத்தில் நிற்கிற பெண் வாயைப் பொத்துகிறாள். இந்த வெள்ளைக்காரர் எங்கே லிப்டுக்குள் இப்படிக் கத்துகிறார்கள். எங்கள் ஆட்களை வைத்து எடுத்திருந்தால் நம்பலாம்.

பிறகு கேள்விகள். விக்ரோறியா மாநிலச் சட்டப்படி, தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பாவிக்கலாம். வேறு எதற்கென்றாலும் நோயாளியைக் கேட்க வேண்டும். புருஷன் கேட்டாலும், பெற்ற தாய் கேட்டாலும், அவர் சம்மதிக்காமல் வாய் திறக்கக் கூடாது. எனக்கு எல்லாம் சரி. சான்றிதழ் வந்தது. என் மனுசன் சிவாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பிரேம் போடுவம்" என்று பதில். நக்கல்.

மத்தியானம் ம. வந்தாள்.

பெயர் இங்கேயும் எழுத மாட்டேன். சிவா இதை எடுத்து வாசிக்கிற ஆளில்லை, ஆனாலும்.

ரோவில்லில் இருக்கிறாள். என்னிலும் இளையவள். அவள் மகனும் என் மகள் அபியும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஆண்டு விழாச் சிற்றுண்டிக்கு இரண்டு பேருமாக இருந்து ரோல்ஸ் சுற்றியிருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு தொடர்பு குறைவு. என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள். போக முடியாதே. முழுப்பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் தெரியாத ஆளிடம் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டேன். அவளும் ஆங்கிலத்தில் சொன்னாள். அதுதான் மரியாதை என்று பட்டது.

போகும்போது லிப்டடியில் நின்றாள். சுற்றிப் பார்த்துவிட்டுத் தமிழில்:

"அக்கா, அவருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாக்குத் தெரியாது."

அவளுடைய தாய் அவளோடுதான் இருக்கிறா. தாயின் தங்கச்சி இதே புற்றுநோய் வருத்தத்தில்தான் செத்துப்போனவ. கடைசிவரைக்கும் வைத்துப் பார்த்தது இந்தத் தாய். இப்போது தாய்க்கும் கண்ணில் வெண்படலம். எத்தனையோ காலம் காத்திருந்து, இந்த மாதக் கடைசியில் ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்டால் கண்ணும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிடுவா.

"வெட்டி எடுத்தால் சரி எண்டு டொக்டர் சொல்லுறார். என்ர ஒப்பரேசன் திகதி வரட்டும். அம்மான்ர கண்ணும் முடியட்டும். பிறகு நானே பக்கத்தில இருந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுவன். வேற ஆளின்ர வாயால போகக் கூடாது, அக்கா."

"நான் உங்களைக் காணவேயில்லை" என்றேன்.

கொஞ்சம் சிரித்தாள். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே ஒரு பெருமை.

செவ்வாய், யூலை 8

மழை. உடுப்புக் காயவில்லை, வீடு முழுக்க ஈர மணம்.

வாங்க: பால், கறிவேப்பிலை (நோபல் பார்க் கடையில் வாடினது, டண்டினோங்கில் பார்க்க), சிவாவின் பிரஷர் குளிசை, பாண்.

கோயில் வட்ஸ்அப்பில் ஒரே அமளி. ஒரு அங்கிளுக்குப் பித்தப்பையில் கல். கல்லின் அளவு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுபோவது என்று பட்டியல் ஓடுகிறது. எனக்கு ஞாயிறு, இடியப்பமும் சொதியும். அங்கிளை யாராவது கேட்டார்களா? கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வருத்தம் என்றால் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால்தான் கோபம்.

ம.வுக்கு யார் சொதி கொண்டுபோவது?

காலையில் இருந்து இதுதான் மண்டைக்குள். ஒரு நேரச் சமையல் இல்லை, ஒரு போன் இல்லை. தெரிந்துகொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் காணொளியில் சொல்லவில்லை. தெரியாத நோயாளிகள் என்றால் மனது கேட்கும். இவளோடு ரோல்ஸ் சுற்றியிருக்கிறேன்.

சிவா: "என்ன, முகம் கறுத்துப்போய்க் கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லை எண்டால் ஏன் வெங்காயத்தை அந்தக் கொத்துக் கொத்துறீர்?"

சொல்லவில்லை. என் வாயில் இருந்து ஒரு சொல் வராது. அதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்தால் என்ன? இது படுக்கப் போகும்போது வந்த யோசனை. ஆளுக்குத் தெரியவும் வேண்டாம். கடவுளிடம் சொல்வது யாரிடமும் சொல்வது ஆகாதே. இதை நினைத்த பிறகுதான் நித்திரை வந்தது.

வியாழன், யூலை 10

அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். அவளுடையது தெரியாது.

தேநீர் நேரத்தில் மேசையில் யாரும் இல்லை. அவளுடைய பதிவைத் திறந்தேன். நோய் விபரம் ஒன்றும் பார்க்கவில்லை. பிறந்த திகதி மட்டும். அதற்குக் கீழே ஒப்பரேசன் திகதி போட்டிருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. உடனே மூடினேன். ஒரு நிமிடமும் இருக்காது. திங்கட்கிழமை அவள் வாயாலேயே சொன்ன பிறந்த திகதிதானே, நினைவில் இருந்திருந்தால் திறந்தே இருக்கத் தேவையில்லை. மறதி.

பஞ்சாங்கச் செயலியில் திகதியும் யாழ்ப்பாணமும் போட்டேன். பிறந்த நேரம் கேட்கிறது. அதற்கு நான் எங்கே போவேன். அந்த நாளில் காலையில் சுவாதி, பின்னேரம் விசாகம். இரண்டும் துலாம்தான் என்று விட்டேன். பிள்ளைகள் காலையில்தானே கூடுதலாகப் பிறக்கிறார்கள். சுவாதி.

பின்னேரம் பக்கத்து மேசைப் பெண் வேறு யாரிடமோ: "எதற்குத் திறந்தாய், எப்போது திறந்தாய், எல்லாம் கணினிக்குள் பதிவாகும்." என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் என் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அபிக்கு நாளைக்குச் சங்கீதச் சோதனை. காலையில் எழுப்ப வேண்டும்.

வெள்ளி, யூலை 11

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது.

வேலை முடிந்து நேரே கோயில். குளிர், சப்பாத்துக் கழற்றியதும் கால் விறைத்தது. அர்ச்சனைச் சீட்டு மேசையில் இருந்த தம்பி பெயரும் நட்சத்திரமும் கேட்டான். குனிந்து மெல்லச் சொன்னேன். எவ்வளவு கவனம். அவனும் கடதாசித் துண்டில் எழுதித் தட்டில் வைத்தான்.

ஐயரின் மைக்கை மறந்துபோனேன். பின்னுக்கு இருப்பவர்களுக்கு மந்திரம் கேட்கவில்லை என்று குறை சொல்லி, போன மாதம்தான் அவர் காதோடு மாட்டுகிற ஒன்று வாங்கினார்கள். ஐயர் துண்டை எடுத்தார். அவளுடைய முழுப்பெயர், சுவாதி நட்சத்திரம், துலா ராசி. மண்டபம் முழுக்க. நாதசுரம் கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

அவளுடையது எங்கும் கேட்கிற பெயரில்லை. தகப்பன் பார்த்துப் பார்த்து வைத்ததாம். மெல்பேர்ணில் அந்தப் பெயரோடு இன்னொருத்தி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பயந்தேன், ஆனால் யாரும் திரும்பவில்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினால், சுவரோரம் கதிரையில் இருந்து ஒருவர் எழும்புகிறா. கம்பளிச் சால்வை, கறுப்புக் கண்ணாடி. ம.வின் அம்மா. கண் ஒப்பரேசன் நல்லபடி நடக்க வேண்டும் என்று யாரோடோ காரில் வந்திருக்கிறா. கண் தெரியாத ஆளுக்குக் காது நல்ல கூர்மை. என் சத்தம் வந்த திசைக்கு, கதிரைகளைத் தடவித் தடவி, நேரே என்னிடம்.

"ஆர், வதனியே?"

"ஓம், அன்ரி."

"இப்ப ஐயர் சொன்ன பேர், நீர் குடுத்ததோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தட்டு என் கையில்.

"ஓம், அன்ரி. சும்மாதான். பிள்ளையள் ஒண்டாப் படிச்சது. ஞாபகம் வந்துது."

"அவள் சுவாதி இல்லை. விசாகம். பின்னேரம் பிறந்தவள்." கொஞ்சம் நிறுத்தினா. "எங்கட வீட்டில கேட்டிருந்தால் விசாகம் எண்டு சொல்லியிருப்பம். உமக்கு ஆர் சுவாதி எண்டு சொன்னது?"

தட்டை மறு கைக்கு மாற்றினேன்.

"நீர் ஆஸ்பத்திரியிலதானே வேலை."

"ஓம்."

"எந்தப் பகுதி, பிள்ளை?"

சொல்லக் கூடாது என்று நின்றேன். எந்தப் பகுதி என்பது என்னுடைய விஷயம்தான், சொல்லலாம். வேறு ஒரு பகுதியைச் சொல்லிப் பொய்யும் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண், உதவி செய்கிறாவாம், "வதனி கான்சர் பக்கம்தானே, மார்பு" என்றா. சிரித்த முகத்தோடு.

அன்ரி அழவில்லை. கையை நீட்டினா.

"பிரசாதத்தைத் தாரும். என்ர பிள்ளைக்குச் செய்ததுதானே."

கொடுத்துவிட்டேன். தேங்காய்ப் பாதி, வாழைப்பழம், திருநீறு எல்லாம். சால்வைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு போனா. அதை இப்போது ரோவில்லில் மேசையில் கொண்டுபோய் வைத்திருப்பா.

சனி, யூலை 12

வெயில். உடுப்புத் தோய்த்தேன். ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சிவாவிடம் பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"கும்பிட்டது ஒரு குற்றமே? நல்லதுக்குத்தானே செய்தனீர்."

"நல்லதுக்கு எண்டு நான் நினைச்சது. அவவை ஆர் கேட்டது?"

"கடவுளுக்குத் தெரியாததோ?"

"கடவுளுக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது."

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நீர் ஒரு சொல்லும் சொல்லேல்லைத்தானே" என்றார். இதையேதான் நானும் விடிய விடிய எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயில் கேட்டபோது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அபி பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். "அம்மா, யூ லுக்ட் அப் ஹேர் பேர்த்டே?" என்றாள், பிறந்த நாளைப் பதிவில் தேடிப் பார்த்தீர்களா என்று. பாணை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். பிள்ளைக்கு ஒரே கேள்வியில் விளங்கிவிட்டது.

ம.வின் நம்பர் என்னிடம் பழைய பள்ளிக்கூடக் குழுவில் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவில் எடுத்தது அல்ல. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன், அழித்தேன். அவளுடைய போனில் என் பெயர் வந்தால் அதை வேறு யாராவது பார்த்தால்? அன்ரி இன்னும் ஒன்றும் கேட்காமலே இருந்தால், நானே போய்க் கிளறுகிற மாதிரி ஆகுமே. அன்ரி ஒன்றும் கேட்காமலே இருக்கட்டும் என்று கும்பிடப் போனேன். பாதியில் நிற்பாட்டினேன். இனி அவளைப் பற்றிக் கும்பிடவே பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அங்கிளுக்கு இடியப்பம். மா காணாது, வாங்க வேண்டும்.

திங்கள், யூலை 14

ஹெலனிடம் சொன்னேன். எட்டரை மணிக்கே, கோட்டுக் கழற்ற முதல்.

அர்ச்சனை என்றால் என்ன என்று விளக்கவே பாதி நேரம் போனது.

"பிரார்த்தனை செய்தாய்."

"ஐயர் செய்தார். நான் பெயர் கொடுத்தேன்."

"நோயைச் சொன்னாயா?"

"இல்லை."

"அப்படியென்றால்?"

"பெயரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் சொன்னார். தாய் அங்கே இருந்தா. எங்கள் ஆட்களுக்கு நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரியும். சும்மா யாரும் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குத் தனியாக அர்ச்சனை செய்வதில்லை. ஏதோ வருத்தம் என்று உடனே விளங்கும்."

"நட்சத்திரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பதிவைத் திறந்து பிறந்த திகதி பார்த்தேன்."

ஹெலன் நல்ல மனுசி. முதலில் சிரிப்பு வரப் பார்த்தது அவளுக்கு, மைக் என்றபோது. பதிவைத் திறந்தேன் என்றதும் முகம் மாறிவிட்டது. சம்பவத்தைப் பதிகிறபோது வகை ஒன்று தெரிவு செய்யவேண்டும்: பிழையான விலாசத்துக்கு அனுப்பியது, நடைபாதையில் கதைத்தது, கடதாசி தொலைந்தது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு "மற்றவை" என்பதை அழுத்தினாள்.

பிறகு சொன்னது எல்லாம் அந்தக் காணொளியில் இருந்ததுதான். தகவல் பாதுகாப்பு அதிகாரி இன்றைக்கே ம.வுக்கு போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அவள் விரும்பினால் சுகாதார ஆணையாளரிடம் முறைப்பாடு செய்யலாம். விசாரணை முடியும்வரை நான் முன்மேசையில் இல்லை, பழைய கோப்புகளை ஸ்கான் செய்கிற அறை. ம.வோடு நானாக எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது, மன்னிப்புக் கேட்பதற்காகக் கூட.

"அதுவும் கூடாதா?"

"உன் மனது ஆறுவதற்காக அவளைத் தொந்தரவு செய்யப் போகிறாயா, வதனி?"

கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நறுக்கென்று இருந்தது. வேலை போகுமோ என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சிவா கேட்பார் இன்றைக்கு.

புதன், யூலை 16

காற்று. மரங்கள் எல்லாம் பேயாட்டம்.

ஸ்கான் அறையில் ஜன்னல் இல்லை. ஒரு வயோதிபர் இருக்கிறார், வேலை பழக்குகிறார், கதைப்பதில்லை. நல்லது.

மத்தியானம் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். ம. வந்தாள். ஒப்பரேசனுக்கு முதல் செய்கிற சோதனைக்கு வந்திருக்கிறாள். நான் எழும்பினேன்.

"நான் உங்களோட கதைக்கக் கூடாது" என்றேன்.

"நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன். இருங்கோ."

இருந்தேன். அவள் இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வேலையால வாறன், மேசையில தேங்காயும் பழமும் கிடக்கு. அம்மா குசினிக்குள்ள நிக்கிறா. எங்க வெட்டப் போறாங்கள் எண்டு கேட்டா. முதல் கேள்வியே அதுதான், அக்கா. என்ன எண்டு கேக்கேல்லை. எங்க எண்டு கேட்டா. நான் என்ன சொல்லுறது?"

காற்றில் சால்வை பறந்து முகத்தில் அடித்தது. அவள் ஒதுக்கவில்லை.

"எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சு யோசிச்சு வைச்சிருந்தனான். பயப்பிட ஒண்டுமில்லையம்மா எண்டு தொடங்கோணும் எண்டு. நான் சொல்லத் தொடங்க முதலே அம்மா அழுது முடிச்சிட்டா. தன்ர கண்ணுக்கு வேண்டாம் எண்டுட்டா. என்னோட கதைக்கிறேல்லை. ஊராருக்கெல்லாம் சொல்லிப்போட்டு எனக்கு மறைச்சனீ எண்டு கேக்கிறா. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டால் நம்புறா இல்லை. பிறகு எனக்கும் கோவம் வந்து நானும் கதைக்கிறதில்லை. ஒரே வீட்டுக்குள்ள."

நான் அழுதேன். அது அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்கும்.

"நீங்கள் கும்பிட்டதில எனக்குக் கோவமில்லை. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். அவ்வளவுதான்."

போய்விட்டாள். முறைப்பாடு செய்வாளா இல்லையா என்று சொல்லவில்லை. செய்யட்டும். செய்ய வேண்டும் என்றுகூட ஒரு மனம் சொல்கிறது. அவளைக் காவல் காக்கிற இடத்தில் இருந்துகொண்டு நானே கதவைத் திறந்துவிட்டேன். நல்ல மனதோடு திறந்தேன் என்பதால் என்ன குறைந்தது.

ஹெலனிடம் சொன்னேன், அவளாக வந்து கதைத்தாள் என்று. குறித்துக்கொண்டாள்.

வெள்ளி, யூலை 18

குளிர் கொஞ்சம் குறைவு. கோயிலுக்குப் போகவில்லை. சிவா போனார். எனக்குத் தலையிடி என்று சொல்லச் சொன்னேன்.

விளக்கு வைத்துவிட்டு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். போன். தெரியாத நம்பர்.

"வதனியே? நான், அன்ரி."

என் நம்பரை யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பர் எடுப்பது பெரிய வேலையா.

"பிள்ளை, எனக்கு ஒரு உதவி. அவளுக்கு எண்டைக்கு ஒப்பரேசன்?"

திகதி எனக்குத் தெரியும். மண்டைக்குள் எழுதி ஒட்டின மாதிரி நிற்கிறது.

"அன்ரி, அதை நான் சொல்லக் கூடாது."

"ஏன்? நான் பெத்த தாய்."

"தாய்க்கும் சொல்லக் கூடாது, அன்ரி. அவ ஓம் எண்டால்தான்."

"அண்டைக்கு அவள் ஓம் எண்டவளோ?"

மரக்கறி வெட்டுகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரட் பாதி, கத்தி.

"இல்லை, அன்ரி. அண்டைக்கு நான் செய்தது பிழை. அவ வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லை, எனக்கும் சொல்லேல்லை. அவவில ஒரு பிழையும் இல்லை. நான் வேலையில பாத்து எடுத்தனான். அவவைக் கேக்காமல்." இதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவில்லை. என் குற்றத்தைத்தான் சொன்னேன், அவளுடைய வருத்தத்தை அல்ல.

அந்தப் பக்கம் மூக்கைச் சீறும் சத்தம்.

"அப்ப அவள் எனக்கு மட்டும் மறைக்கேல்லை."

"நான் சொல்லக் கூடியது அவ்வளவுதான், அன்ரி."

"திகதி தெரியாமல் நான் எப்பிடிக் கூடப் போறது? என்ர தங்கச்சியோடையும் நான்தான் போனனான். எல்லாத்துக்கும் நான்தான் போனனான்." மூச்சு வாங்கினா. "சரி. நீர் சொல்லவேண்டாம். அவளைக் கண்டால் ஒண்டு சொல்லும். நான் கண் ஒப்பரேசனுக்குப் போறன் எண்டு ஆஸ்பத்திரிக்கு இண்டைக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன். கண் தெரிஞ்சால்தானே அவளைப் பாக்கலாம். அதை அவளுக்குச் சொல்லும்."

அதையும் நான் சொல்ல முடியாது. அவளோடு எந்தத் தொடர்பும் கூடாது.

"அன்ரி, இப்ப நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"குசினிக்குள்ள."

"அவ?"

"மேல, அறைக்குள்ள. கதவைச் சாத்திப்போட்டு."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்கோ. இப்பவே போங்கோ. நான் வைக்கிறன்."

"படியேறக் கண் தெரியாது, பிள்ளை."

"பிடிச்சுப் பிடிச்சு ஏறுங்கோ. ஏறேலாட்டில் கீழ நிண்டு கூப்பிடுங்கோ."

சரி என்றா. ஆனால் போனை நிற்பாட்டவில்லை. எந்தப் பொத்தான் என்று தெரியாது போலும். கையில் பிடித்தபடியே நடக்கிறா. கதிரை உரசும் சத்தம். மரப்படி ஒவ்வொன்றாக. மூச்சு. நடுவில் ஒருமுறை நின்றா, விழுந்துவிட்டாவோ என்று நினைத்தேன், பிறகும் படி. தட்டும் சத்தம். ம.வின் பெயரை, அந்த நீளப் பெயரை முழுக்க, மெல்லமாகக் கூப்பிட்டா. இரண்டாந்தரம் கூப்பிட்டா.

கதவு திறந்தது.

அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்துவிட்டது. நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். "அம்மா" என்று அவள் சொன்னது கேட்டது. அதற்கு மேல் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.